திடலின் பங்குனி நிறம்

காலிமுகத்திடலில் ஒரு காலத்தில் கோல்ஃப் ஆடினார்கள் என்று சொன்னால் அங்கே இறால் வடை விற்பவர் சிரிப்பார். கொள்ளுப்பிட்டி தொடங்குகிற இடத்தில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கும் இந்த வெளியில்தான் 1879இல் கொழும்பு கோல்ஃப் கழகம் பிறந்தது. அன்றைக்கு வெளி இன்றுள்ளதைவிடப் பெரியது. குதிரைப் பந்தயம், போலோ, கிரிக்கெட், மாலையில் வண்டி கட்டிக்கொண்டு காற்று வாங்க வரும் துரைமார் குடும்பங்கள், இத்தனைக்கும் நடுவில் ஒரு சிறு கூட்டம் தடியால் பந்தைத் தட்டிக்கொண்டு திரிந்தது. 1893இல் பந்தயக் குதிரைகள் கறுவாத்தோட்டத்துக்குப் போயின. 1896இல் கோல்ஃப்காரரும் பொரளைப் பக்கம், மொடல் ஃபாம் வீதிக்குக் குடிபெயர்ந்தார்கள். புதிய மைதானத்துக்கு ஆளுநர் வெஸ்ட் ரிஜ்வேயின் பெயரை வைத்தார்கள். 1928இல் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் 'ரோயல்' பட்டம் கொடுக்க, அது ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகம் ஆயிற்று.

ஏன் போனார்கள் என்று ஊகிக்க அதிகம் சிரமப்பட வேண்டாம். கெட்டிப் பந்தும் குழந்தைகளும் குதிரை வண்டிகளும் ஒரே வெளியில் நெடுநாள் சேர்ந்திருக்க முடியாது. எனக்கு இன்னொரு காரணமும் தோன்றுகிறது. கோல்ஃபுக்குப் புல் வேண்டும். அந்தப் புல்லுக்கு வேலி வேண்டும். காலிமுகத்திடலுக்கு வேலி கிடையாது.

களனிவெளி ரயில் பாதை அந்தப் பொரளை மைதானத்தை ஊடறுத்துப் போகிறது. அவிசாவளைக்குப் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், மாசி மாதத்திலும் சில நிமிடங்களுக்குக் கண் குளிரும். அதே மாசியில் காலிமுகத்திடல் வைக்கோல் நிறத்தில் கிடக்கும். பட்டம் விடுகிற பிள்ளைகள் ஓடும் தடத்தில் செம்மண் தூசி எழும்பும். ஒரே நகரம், ஒரே வெயில், இரண்டு நிறம். அங்கே பணம் இருக்கிறது, இங்கே இல்லை என்பார்கள். அது பாதி உண்மை. மிச்சப் பாதியைப் புரிந்துகொள்ள, கோடையில் புல்லைப் பேணுகிறவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

கொழும்பு மழை ஊர். வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் பெய்யும். யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் இங்கே வறட்சி என்று பேசினால் வடக்கிலும் கிழக்கிலும் உள்ளவர்கள் நம்மைக் கேலி செய்வார்கள். ஆனால் தை பிறந்ததிலிருந்து பங்குனி நடுப்பகுதி வரை இந்த ஊரும் காயும். பகலில் முப்பத்திரண்டு பாகை. பிற்பகலில் கடலிலிருந்து வரும் காற்றில் உப்பு. வைகாசியில் தென்மேல் பருவக்காற்றும் உப்பைத்தான் அள்ளிக்கொண்டு வரும், ஆனால் அது கூடவே மழையையும் கொண்டுவந்து கழுவிவிடும். மாசியில் கழுவ ஆளில்லை. இலையிலும் மண்ணிலும் படிந்த உப்பு அங்கேயே கிடக்கும். மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாமல் போகும்.

வெப்ப நாடுகளில் கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது வேறெதையும் அல்ல, பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகம்புல்லைத்தான். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்றொரு ஊர். அங்கே கிளென் பேர்ட்டன் என்ற விஞ்ஞானி சாதாரண அறுகையும் தென்னாபிரிக்க அறுகு இனம் ஒன்றையும் ஒட்டுக்கலந்து மெல்லிய இலையுள்ள வகைகளை உருவாக்கினார். 1960இல் டிஃப்வே, 1965இல் டிஃப்ட்வார்ஃப். இன்று ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் தொலைக்காட்சிக்காகச் சீவி முடித்துக் காட்டப்படும் பச்சை விரிப்புகளில் பல அந்த வம்சம். கோயில் வாசல் பூக்கடையில் கட்டுக்கட்டாக விற்கும் அறுகின் மேல்நாட்டுப் பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். மணவீட்டு வாழ்த்தில் நம்மவர்கள் ஆலமரத்துக்கு அடுத்தபடியாக இதன் வேரைத்தான் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னவர்கள் கோடையில் ஒரு முறையாவது குந்தியிருந்து மண்ணைக் கிளறிப் பார்த்திருக்க வேண்டும்.

கிளறிப் பார்த்தால் தெரியும். மேலே இலை காய்ந்து கிடக்கிறபோதும் கீழே தண்டு ஒன்று கிடையாக ஓடும். மண்ணுக்கு மேலே ஒரு தண்டு, மண்ணுக்குள்ளே இன்னொரு தண்டு. கணுவுக்குக் கணு வேரும் முளையும். தண்ணீர் இல்லையென்றால் அறுகு இலையைக் கைவிட்டுவிடும். மாவுச்சத்தை நிலத்துக்குள் இருக்கும் தண்டில் ஒளித்துவைத்துக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும். குளிர்நாட்டுப் புற்கள் இருபது பாகை வெப்பத்தில் சுகமாக வளர்ந்து, முப்பதைத் தாண்டினால் மூச்சுத் திணறுகிறவை. அறுகுக்கு முப்பது பாகைதான் தொடக்கம். வெயிலும் அதற்குப் பகையில்லை, வறட்சியும் பகையில்லை. அதற்குப் பகை வேறு மூன்று: நிழல், கத்தி, கால்.

கத்தியில் தொடங்குவோம், ஏனென்றால் கோல்ஃபின் பாவம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. குழி இருக்கும் பச்சைத் தரையில் புல்லின் உயரம் மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர். அரிசி ஒன்றை நிறுத்திவைத்தால் புல் அதைவிடக் குட்டை. பந்து எவ்வளவு வேகமாக உருளுகிறது என்று அளக்க எட்வர்ட் ஸ்டிம்சன் என்பவர் 1935இல் ஒரு சாய்வுச் சட்டத்தைச் செய்தார். 1970களின் கடைசியில் அமெரிக்க கோல்ஃப் சங்கம் அதைத் திருத்தி ஊரூராக அனுப்பியது. தரைகள் சீராக இருக்கின்றனவா என்று பார்க்கத்தான் அனுப்பினார்கள். கையில் அளவுகோல் கிடைத்தவுடன் போட்டி வந்துவிட்டது. உன் தரை எத்தனை அடி, என் தரை எத்தனை அடி. வேகம் கூட வேண்டுமென்றால் புல் குறைய வேண்டும். புல்லின் வேர் இலையைப் பார்த்து வளர்கிறது. மேலே குறைத்தால் கீழேயும் குறையும். மூன்று மில்லிமீற்றர் இலைக்கு விரல் நீள வேர் இருந்தால் அதிகம். அப்படி வளர்த்த புல்லைப் பங்குனி வெயிலில் விட்டால், இயற்கையாக மாதக்கணக்கில் தாங்கக்கூடிய அறுகே சில நாட்களில் சோர்ந்துவிடும்.

அதனால் கோடை வந்ததும் தேர்ந்த மைதானக்காரர் முதலில் செய்வது கத்தியை உயர்த்துவது. அரை மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது, புல்லுக்குத் தெரியும். இரண்டாவது, ஒரு நாள் வெட்டிவிட்டு மறுநாள் வெறும் உருளையை மட்டும் ஓட்டுவது. தரை மட்டமாகும், பந்து ஓடும், இலை தப்பும். மூன்றாவது, யூரியாவை நிறுத்துவது. தழைச்சத்துப் போட்டால் புல் இலை விடும், இலை விட்டால் தண்ணீர் கேட்கும்.

இந்த மூன்றாவதை எழுதும்போது இலங்கைக்காரனுக்கு வேறு ஞாபகம் வராமல் இராது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே வர்த்தமானியில் நிறுத்தியது. வயலுக்கும் தேயிலைக்கும் உரம் தேவையான வேளையில் நிறுத்தினார்கள்; விளைச்சல் விழுந்தது; நவம்பரில் தடையைத் திரும்பப் பெற்றார்கள். பயிருக்கு எதை எப்போது மறுக்கலாம் என்பது ஒரு படிப்பு. கோல்ஃப் மைதானக்காரர் ஒருவரை அமைச்சரவைக்கு ஆலோசகராக வைத்திருக்கலாமோ என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரித்ததுண்டு. அந்தத் தடையின் பின்விளைவுகள் எல்லாம் சேர்ந்து மறுவருடம் எந்தப் புல்லின்மேல் வந்து உட்கார்ந்தன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

தண்ணீருக்கு வருவோம். புல்லுக்குத் தாகம் எடுத்துவிட்டதா என்று அறியக் கருவி தேவையில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குப் புல்லில் நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஈரமுள்ள புல் உடனே நிமிர்ந்துவிடும். தாகமுள்ள புல்லில் காலடி அப்படியே பதிந்து கிடக்கும். நிறமும் பச்சையிலிருந்து நீலம் கலந்த சாம்பலுக்குப் போயிருக்கும். மைதானக்காரர்கள் இந்த அடையாளம் வரும்வரை காத்திருக்கிறார்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலேயே சுகம் கண்டுவிடும். ஊறும்படி ஒரு முறை விட்டுவிட்டுப் பிறகு காயவிட்டால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். விடுவது விடியற்காலையில். மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை நனைந்திருந்து பூஞ்சணம் பிடிக்கும். கொழும்பு போன்ற புழுக்கமான ஊரில் அது உறுதி.

நடுப்பகலில் தரைமேல் லேசாகத் தூவானம் அடிக்கிற வழக்கம் ஒன்றும் உண்டு. அது வேருக்கல்ல, இலையைக் குளிரவைக்க. அரிசோனா போன்ற உலர்ந்த இடங்களில் அது நன்றாக வேலை செய்யும். வியர்வையே காயாத கொழும்பில் அதனால் பெரிய பலன் கிடைக்காது என்பது என் எண்ணம். அறைக்குள் கூலர் வைத்துப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று தெரியும்.

இன்னொரு விசித்திரம் மணலில் இருக்கிறது. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வெளியிட்ட முறைப்படி, நல்ல பச்சைத் தரை என்பது அடியில் சரளைக்கல், அதன்மேல் முப்பது சென்ரிமீற்றர் மணல். மணலுக்குக் கீழே பெரிய கல் இருந்தால் தண்ணீர் சட்டென்று இறங்கிவிடும் என்றுதான் யாரும் நினைப்போம். இறங்காது. மணலின் சின்னத் துளைகள் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கல்லின் பெரிய துளைகளுக்குள் அது இறங்க வேண்டுமானால் மேலே மணல் முழுக்க நிறைந்து கனக்க வேண்டும். மழை கொட்டினால் வடிகிறது, வெயில் அடித்தால் அடியில் கொஞ்சம் ஈரம் தங்குகிறது. இவ்வளவு நுட்பமாகக் கட்டிய தரையிலும் கோடையில் தீவு தீவாகச் சில இடங்கள் காயும். அங்கே மணலின்மேல் மக்கிய பொருள் மெழுகுபோல் படிந்துவிடுகிறது. தண்ணீர் ஊற்றினால் தாமரை இலையில் விழுந்ததுபோல் உருண்டு ஓடும். அந்த இடங்களைத் தேடிப் பிடித்து, முள்ளால் குத்தித் துளையிட்டு, சவர்க்காரத் தன்மையுள்ள ஒரு திரவத்தைக் கலந்து, கையால் ஹோஸ் பிடித்து நனைப்பார்கள். கோடையில் மைதானத் தொழிலாளியின் பகல்பொழுதில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. ஒரு சாண் நிலத்துக்கு ஒரு மனிதர் நின்று தண்ணீர் காட்டுவது.

காலிமுகத்திடலுக்கு இதையெல்லாம் செய்ய முடியுமா? கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இன்றைய திடல் ஏறத்தாழ ஐந்து ஹெக்டேயர். வறண்ட நாளொன்றில் வெயிலும் காற்றும் நிலத்திலிருந்து குடிக்கக்கூடிய நீர் சுமார் ஐந்து மில்லிமீற்றர் என்று வையுங்கள். அறுகு அதில் அறுபது, எழுபது வீதம் கிடைத்தால் பச்சையாக இருக்கும். மூன்று மில்லிமீற்றர் என்றே எடுப்போம். ஒரு ஹெக்டேயரில் ஒரு மில்லிமீற்றர் என்பது பத்தாயிரம் லீட்டர். ஆக நாளொன்றுக்கு ஒன்றரை இலட்சம் லீட்டர், பத்தாயிரம் லீட்டர் பவுசரில் பதினைந்து நடை. ஆளுக்கு நூறு லீட்டர் என்று அளந்தால் ஆயிரத்து ஐந்நூறு பேரின் ஒரு நாள் தண்ணீர்.

அந்தத் தண்ணீர் வர வேண்டிய இடத்தின் நிலைமையையும் பார்க்க வேண்டும். கொழும்பு குடிப்பதில் பெரும்பங்கு களனி ஆற்றிலிருந்து அம்பத்தலையில் எடுப்பது. மழை இல்லாத மாதங்களில் ஆறு மெலிந்ததும் கடல்நீர் ஆற்றுவாய்வழியாக உள்ளே ஏறத் தொடங்கும். உப்பு அம்பத்தலைவரை வந்துவிடாமலிருக்க ஆற்றின் குறுக்கே மணல்மூட்டை அடுக்கித் தடுத்த காலங்கள் உண்டு. மூட்டை அடுக்கிக் காத்த நன்னீரைக் கடற்கரையில் புல்லுக்கு ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கிணற்று நீரை எடுக்கலாம் என்றால், கடலோரத்தில் கோடைக் கிணறு கொஞ்சம் கொஞ்சமாக உவர்க்கும். உவர்நீரை அளவாகத் தெளிப்பது மிகவும் மோசம். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். தங்கிய உப்பைக் கழுவ இன்னும் அதிகம் நீர் வேண்டும். பேரை வாவி பக்கத்திலேயே இருக்கிறது. அதன் நிறமும் பச்சைதான். அதைப்பற்றி இங்கே பேச வேண்டாம்.

2022 ஓகஸ்டில் பிரான்ஸில் கடும் வறட்சி. நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களில் குடிநீர் தட்டுப்பாடு. தோட்டத்துக்கு நீர் விடவும் கார் கழுவவும் தடை. கோல்ஃப் குழிகளைச் சுற்றியுள்ள பச்சைத் தரைகளுக்கு மட்டும் இரவில் கொஞ்சம் விடலாம் என்று விலக்கு. துலூஸ் நகருக்கு அருகே ஆத்திரப்பட்ட செயற்பாட்டாளர்கள் இரவோடிரவாக மைதானத்துக்குள் புகுந்து குழிகளைச் சீமெந்தால் அடைத்துவிட்டார்கள். தண்ணீர் இல்லாவிட்டால் தரை மூன்று நாளில் செத்துவிடும் என்பது கோல்ஃப் தரப்பின் வாதம். அவர்களுடைய குளிர்நாட்டுப் புல்லை, அவர்கள் வெட்டிய உயரத்தில் வைத்துப் பார்த்தால் அந்த வாதத்தில் பொய் இல்லை. அந்தப் புல்லை அந்த உயரத்தில் வைக்கச் சொன்னது யார் என்பதுதான் கேள்வி.

பச்சை என்ற எதிர்பார்ப்புக்கு வயது அதிகமில்லை. கோல்ஃப் பிறந்த ஸ்கொட்லாந்துக் கடற்கரை மணல்மேடுகளில் முயலும் ஆடும் மேய்ந்து குட்டையாக்கிய புல், கோடையில் பழுத்துக் கிடக்கும். அதன்மேல் ஆடினார்கள். பழைய இந்தியாவிலும் ஆபிரிக்காவிலும் எண்ணெய் கலந்து உருட்டிய மணலே குழியைச் சுற்றிய தரை. அமெரிக்காவில் இன்று புனிதத் தலமாகக் கொண்டாடப்படும் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் மைதானத்திலும் 1930களின் நடுப்பகுதிவரை மணல் தரைதான். அதன்பிறகு 1960களில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. சித்திரை மாதந்தோறும் ஒகஸ்டா மைதானத்தின் பச்சை வீடுகளுக்குள் புகுந்தது. உலகெங்கும் கழக உறுப்பினர்கள் தங்கள் மைதானக்காரரைக் கூப்பிட்டு, ஏன் நம்முடையது அப்படியில்லை என்று கேட்கத் தொடங்கினார்கள். 1988இல் துபாய் பாலைவனத்தில் முழுப் புல்லில் ஒரு மைதானமே திறந்தார்கள். அதற்குமுன் வளைகுடாவில் ஆடியவர்கள் செயற்கைப் புல் துண்டொன்றைக் கையோடு கொண்டுபோய், மணலில் அதை வைத்து, அதன்மேல் பந்தை வைத்து அடித்தார்கள். எனக்கென்னவோ அந்தத் துண்டுதான் கோல்ஃபின் வரலாற்றிலேயே நேர்மையான கண்டுபிடிப்பாகத் தெரிகிறது.

2006இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் நடந்த ஓபன் போட்டியில் மைதானம் முழுவதும் ரொட்டி நிறத்தில் காய்ந்திருந்தது. பந்து விழுந்து ஓடிக்கொண்டே இருந்தது. டைகர் வூட்ஸ் நான்கு நாட்களிலும் தன் நீண்ட தடியை ஒரேயொரு முறைதான் எடுத்தார், வென்றார். பைன்ஹர்ஸ்ட் 2014இல் அமெரிக்க ஓபனை நடத்தியபோது, சில வருடங்களுக்கு முன்பே ஏராளமான புல்லைப் பெயர்த்தெறிந்து, நீர்தெளிப்பான்களைக் குறைத்து, ஓரங்களைப் பழுப்பாக விட்டிருந்தது. தொலைக்காட்சியில் பார்த்த பலர் முகம் சுளித்தார்கள். எனக்குக் காலிமுகத்திடல் ஞாபகம் வந்தது.

கோல்ஃப் மைதானக்காரரின் கோடைக் கலையில் கடைசியாக ஒன்று இருக்கிறது. மற்றெல்லாவற்றையும்விடப் பெரியது அது: காலைத் தடுப்பது. ஒவ்வொரு காலையிலும் குழியின் இடத்தை மாற்றுகிறார்கள், நேற்று நூறு பேர் நின்ற இடத்தில் இன்று யாரும் நிற்காதபடி. பந்து வைத்து அடிக்கும் குறிகளை நகர்த்துகிறார்கள். கயிறு கட்டுகிறார்கள். வண்டிகள் பாதையைவிட்டு இறங்கக்கூடாது என்று பலகை வைக்கிறார்கள். நாளுக்கு இத்தனை பேர்தான் என்று அளவு வைக்கிறார்கள். தாகத்தில் இருக்கும் புல்லை மிதித்தால் இலை மட்டுமல்ல, தண்டின் கணுவும் நசுங்கும், மண் இறுகும், இறுகிய மண்ணில் வேருக்குக் காற்றும் கிடைக்காது, வருகிற நீரும் உள்ளே போகாது. ஆகவே வறட்சியில் புல்லைக் காப்பாற்றுகிற முதல் மருந்து தண்ணீரே அல்ல, ஆளில்லாமை. ஹெக்டேயர் கணக்கில் நிலத்தை நாளொன்றுக்குச் சில நூறு பேருக்கு மட்டும் திறந்துவைக்க முடிந்தவர்களால்தான் மாசியில் பச்சை காட்ட முடியும்.

ஒரு மாசி மாலை, திடலோரத்தில் ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். தமிழைக் கேட்டதும் மலைநாட்டுக்காரர் என்று தெரிந்துவிட்டது.

"இவ்வளவு தண்ணி விட்டும் இந்தப் பக்கம் முளைக்குதில்லையே, ஏன் அண்ணை?"

"தண்ணி குடுக்கலாம் சேர். காலை யாரு நிப்பாட்டுறது? ஞாயித்துக்கெழம வந்து பாருங்க." கொஞ்சம் தள்ளி, நடைபாதைப் பக்கம் கிடந்த மொட்டைத் தரையைக் காட்டினார். "எங்க தோட்டத்துல வெயில் நேரத்துல கவ்வாத்து வெட்ட மாட்டாங்க. வெட்டுனா செடி தாங்காது. மழய பாத்துத்தான் வெட்டுவாங்க. இதுவும் அப்படித்தானே. மழ வரட்டும் சேர், தானா வந்துரும்."

அவர் சொன்னதைத்தான் பாடப்புத்தகங்கள் பல பக்கங்களில் சொல்கின்றன.

திடலில் காலை நிறுத்த யாருக்கும் உரிமையில்லை என்பதற்கு ஒரு கல்வெட்டே சாட்சி. டச்சுக்காரர் காலத்தில் கோட்டைப் பீரங்கிகளுக்கு முன்னால் மறைப்பில்லாமல் இருக்கட்டும் என்று வெறுமையாக விட்ட நிலத்தை, 1856க்கும் 1859க்கும் இடையில் ஆளுநர் ஹென்றி வோர்ட் உலாவும் வெளியாக ஆக்கினார். கொழும்பின் பெண்களும் குழந்தைகளும் நலம்பெற இதைத் தன் பின்வருவோரின் கவனிப்பில் விடுவதாகக் கல்லில் பொறித்தும் வைத்தார். துரைசானிமாரையும் அவர்களுடைய பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் அவர் எழுதியிருப்பார். கல்லுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. கொட்டாஞ்சேனையிலிருந்தும் வாழைத்தோட்டத்திலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் எல்லாரும் அந்தக் கல்லின் வாரிசுகள்.

நம்மவர்களின் கால்களும் இந்தப் புல்லில் பதிந்திருக்கின்றன. 1956 ஜூன் 5ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த அன்று, செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இங்கே சத்தியாக்கிரகம் இருந்தார்கள். காடையர்கள் அடித்தார்கள். அமிர்தலிங்கம் மண்டை உடைந்து, கட்டுப்போட்ட தலையோடு எதிரே இருந்த பாராளுமன்றத்துக்குள் போனார். 2016 பெப்ரவரி 4ஆம் திகதி இதே திடலில் சுதந்திர தின விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். பல தசாப்தங்களுக்குப் பிறகு. சுதந்திர தினம் வருவது எப்போதும் வறண்ட மாதத்தில் என்பதை அணிவகுப்பைப் பார்க்கிறவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள்.

2022 ஏப்ரல் 9ஆம் திகதி தொடங்கியது பெரிய மிதிப்பு. உரத் தடையின் பின்விளைவுகளும் சேர்ந்து எழுப்பிய அரச எதிர்ப்புப் போராட்டம் வந்து உட்கார்ந்தது இந்தப் புல்லின்மேல்தான். ஜனாதிபதி செயலகத்தின் முன்னால் கூடாரங்கள் எழுந்தன. சமையலறை, நூலகம், மருத்துவக் கொட்டகை, தபாற்பெட்டிகூட வைத்து ஒரு கிராமமே ஆனது. மே 9ஆம் திகதி கொள்ளுப்பிட்டிப் பக்கமிருந்து வந்தவர்கள் கூடாரங்களைப் பிய்த்து எறிந்தார்கள். மறுநாளே அவை திரும்ப எழுந்தன. மே 18ஆம் திகதி அங்கே முள்ளிவாய்க்கால் கஞ்சி வார்த்தார்கள். கொழும்பில், அந்த இடத்தில், அதைக் குடிக்கும் நாள் ஒன்று வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். ஓகஸ்டில் கடைசிக் கூடாரமும் அகன்றபோது கீழே வெளிறிய சதுரங்கள் கிடந்தன. அறுகு எதையும் தாங்கும், நிழலைத் தாங்காது. கூடாரத்துக்குக் கீழே நான்கு மாதம் என்பது அதற்கு முழு இருட்டு.

அப்போது சிலர் அந்தச் சதுரங்களைப் படம்பிடித்துப் போட்டு, நாட்டின் சொத்தை நாசமாக்கிவிட்டார்கள் என்று துக்கப்பட்டார்கள். புல்லுக்காக அழுத அந்தக் கண்களில் பலவற்றை நான் அதற்குமுன் வேறெந்த நாசத்துக்கும் அழக் கண்டதில்லை. புதிய புல் பதித்தார்கள். 2023இல், திடலை இனி இசை நிகழ்ச்சிகளுக்கும் கூட்டங்களுக்கும் கொடுப்பதில்லை, பொதுமக்களின் ஓய்வுக்கு மட்டுமே என்று அரசு அறிவித்தது. ஓய்வு என்ற சொல்லுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதைப் புல் தீர்மானிக்கப்போவதில்லை.

இதற்கு முன்பும் ஒரு முறை வேலி நெருங்கியது. 2000களின் தொடக்கத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபை திடலைத் தனியார் நிறுவனம் ஒன்றிடம் கொடுத்துப் பெரிய பொழுதுபோக்கு வளாகமாக்க ஒப்பந்தம் செய்தது. சுற்றாடல் அமைப்பொன்று ஒப்பந்தத்தின் விவரம் கேட்டது, கிடைக்கவில்லை. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2005இல் வந்த தீர்ப்பு வோர்ட்டின் கல்வெட்டை எடுத்துச் சொல்லி, திடல் பொதுமக்களுடையதே என்றது. பேச்சுரிமைக்குள் தகவல் அறியும் உரிமையும் அடக்கம் என்றும் சொன்னது. தகவல் அறியும் சட்டம் வருவதற்கு பதினோரு வருடம் முன்னால், அந்த உரிமை இந்த நாட்டில் ஒரு புல்தரையின்மேல் நின்றுதான் அங்கீகாரம் பெற்றது.

இத்தனைக்கும் பிறகு திடல் கோடையில் எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால், என் விடை எளிது. தை முதல் பங்குனிவரை பழுப்பாகவே இருக்கட்டும். குடிநீரை ஊற்ற வேண்டாம். வெளிநாடுகளில் செய்வதுபோல் காய்ந்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடிக்கிற யோசனையும் யாருக்கும் வர வேண்டாம். கத்தியை அந்த மாதங்களில் வெளியே எடுக்காமலிருப்பது நல்லது. கயிறு கட்டுவதென்றால் முழுத் திடலுக்கும் ஒரேயடியாகக் கட்டாமல், மொட்டையான ஒரு துண்டுக்கு மட்டும், மழை தொடங்கும் வாரங்களில் மட்டும் கட்டலாம். அந்தத் துண்டை முள்வாரியால் குத்திக் கிளறி, அறுகின் தண்டை விரல் நீளத்துக்கு வெட்டித் தூவி, மண்ணில் அழுத்திவிட்டால் போதும். கணுவொன்று மண்ணைத் தொட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரு துண்டு பிடித்ததும் கயிறு அடுத்த துண்டுக்குப் போகும். வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ள ஊருக்கு இது கட்டுப்படியாகும். புல் விரிப்பைச் சதுரம் சதுரமாக வாங்கிப் பதிப்பதைவிடச் செலவும் குறைவு. அதில் யாருக்கும் கொந்தராத்துக் கிடைக்காது என்பது மட்டும்தான் குறை.